எலுமிச்சையோடு எண்ணூறு மீட்டர்

சிங்கப்பூரில் பிறந்து, சிங்கப்பூரிலேயே ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். தேவையே இல்லை. இந்தத் தீவில் எந்தப் பக்கம் வேகமாக ஓடினாலும் சீக்கிரமே கடல் வந்துவிடும். ஆனால் நான் தங்கிப் படித்தேன். எங்கள் வீடு ஆங் மோ கியோவில். அங்கிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்து ஒரு பஸ் மாறினால் பள்ளிக்கூடம். இடையில் ஒரு குட்டித் தூக்கம் போடக்கூட முடியாது. அந்தத் தூரத்துக்கு என் அம்மா, மகளைக் கப்பலேற்றி அனுப்புகிற மாதிரி அழுதார். முறுக்கு டின், இட்லிப் பொடி, ஊறுகாய், ஒரு தலையணை, இன்னொரு தலையணை என்று கட்டிக் கொடுத்தார். (இரண்டாவது தலையணை எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பயம் ஒன்றுமில்லை. இலவச விளம்பரம் எதற்கு?

தனியார் பள்ளி. மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டின் மேல் இருந்தது. பல நாட்டு முதலாளிகளும் பெரிய அதிகாரிகளும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற இடம். அங்கே கம்பெனி பஸ் ஓட்டுநர் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டால், ஓடுகிற வேலை. பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் நான் எண்ணூறு மீட்டர் ஓடியதை அந்தப் பள்ளியின் கோச் லிம் பார்த்துவிட்டார். வீடு தேடி வந்தார். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பள்ளியின் பொறுப்பு என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஆண்டு விளையாட்டு விழாவில் என் ஓட்டத்தில் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வர வேண்டும். வராவிட்டால் அடுத்த பள்ளித் தவணையில் எனக்கு அங்கே இடம் கிடையாது.

பந்தயக் குதிரைக்குப் போடுகிற அதே கணக்கு. குதிரையிடம் கையெழுத்து வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. கோழிக்காலைக் கத்தி முள்கரண்டியால் சாப்பிடச் சொன்னார்கள். மாணவர்களை நான்கு அணியாக, 'ஹவுஸ்' என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு பாட்டு. அதை நெஞ்சில் கை வைத்துப் பாட வேண்டும். மைதானத்தின் நுழைவாயிலில் ஒரு வெண்கலக் குதிரைச் சிலை. எந்தப் போட்டிக்கும் முன்னால் எல்லோரும் வரிசையாகப் போய் அதன் மூக்கைத் தடவ வேண்டும். தடவாவிட்டால் தோற்றுவிடுவோமாம். எத்தனையோ வருடமாகத் தடவித் தடவி, மூக்கு மட்டும் தங்கம் மாதிரி மின்னும். ஹாஸ்டல் வார்டன் மிஸ் ஹார்வுட் எங்கள் அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "இங்கே ஏதோ வாசனை வருகிறதே" என்பார். அது என் அம்மாவின் ஊறுகாய். சாதாரண மனிதர்களுக்கு அதை முகர்ந்தால் பசிக்கும்.

பிடிக்காத இடத்தில் ஏன் இருந்தேன் என்றால், அந்த ஓடுதளம். செங்கல் நிறத்தில், மழை பெய்தால்கூட வழுக்காத ஓடுதளம். அதற்கு முன்னால் நான் ஓடியதெல்லாம் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற புல்தரை. அப்புறம் கோச் லிம். உலகத்தில் என்னைவிட அதிகமாகக் கோபப்படுகிற ஒரே ஆள் அவர். அவர் திட்டத் திட்ட என் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அந்த இரண்டுக்காக நான் அந்தப் பாட்டைக்கூடப் பாடினேன்.

என் அறைத் தோழி ஷமீமா. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பெரிய துணிக்கடை. ஷமீமா எந்த விளையாட்டிலும் இல்லை. போலீஸ் துரத்தினால் மட்டும் ஓடுவேன் என்று சொல்லுவாள். என்னைக் கிண்டல் செய்வதுதான் அவளுடைய விளையாட்டு.

இனி என் அப்பா. ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ்ஸை ஓட்டினார். அவருடைய பக்தி முழுவதும் சக்கரத்தின் மேல். புது வண்டி எதுவானாலும் பூஜை போட்டு, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் முதல்முறை நகர்த்த வேண்டும். வண்டிமேல் விழுந்த கண்ணெல்லாம் அந்தப் பழத்தோடு போய்விடும். கம்பெனி பஸ்ஸுக்குச் செய்தார், நியாயம். தம்பியின் சைக்கிளுக்குச் செய்தார். அம்மா மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிற தள்ளுவண்டிக்குச் செய்தார். எதிர்வீட்டுச் சீன அங்கிளுக்குச் சக்கர நாற்காலி வந்தபோது அவரிடம் அனுமதி கேட்டு அதற்கும் செய்தார். அங்கிள், நசுங்கிய பழத்தைப் பார்த்து, தேநீருக்குத் தந்தார்கள் என்று நினைத்து நன்றி சொன்னார்.

நசுங்கிய பழத்துக்கும் ஒரு விதி உண்டு. அதை யாரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால், வண்டிக்கு வர இருந்த கெட்டது மிதித்தவர் காலில் ஏறிக்கொள்ளும். லிட்டில் இந்தியாவில் கோயில் பக்கத்துக் கார் நிறுத்துமிடங்களில் எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தபடி, கண்ணிவெடிக்கு நடுவில் நடப்பதுபோல் நடப்பது அதனால்தான். இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

விளையாட்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் என் ஸ்பைக் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. ஸ்பைக் ஷூ என்றால் அடியில் ஆணி ஆணியாக இருக்குமே, அது. உடனே புதுசு வாங்கு, வாங்கி அன்றைக்கே போட்டு ஓடிப் பழகு, இல்லாவிட்டால் குதிகால் தோல் உரிந்துவிடும் என்று கோச் சொன்னார். ஹாஸ்டல் தாழ்வாரத்து போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். (பக்கத்தில் மிஸ் ஹார்வுட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.) அப்பா மறுநாளே வாங்கிவிட்டார். கொண்டுவந்துதான் தரவில்லை.

"எப்பப்பா கொண்டு வர்றீங்க?"

"இன்னைக்கு அஷ்டமிம்மா."

அடுத்த நாள் நவமி. அதற்கு அடுத்து செவ்வாய்க்கிழமை. அப்புறம் கரிநாள். எங்கள் சமையலறையில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் அந்த மாதம் முழுக்க நல்ல நாளே இல்லை. அந்த மாதம் யாரும் பிறந்திருக்கவே கூடாது என்று நினைக்கிறேன். கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். ஷூவின் முதல் ஓட்டம் பந்தயத்திலேயே இருக்கட்டும்.

"அப்பா, அது செருப்பு. வண்டி இல்ல."

"கால்ல மாட்டினா ஓடுதுல்ல? அப்ப வண்டிதான்."



விழா ஒரு சனிக்கிழமை. பள்ளி வாசலில் கறுப்புக் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவற்றுக்கு நடுவில், பக்கவாட்டில் கப்பல் பட்டறையின் பெயர் எழுதிய கம்பெனி பஸ் ஏறி வந்தது. உள்ளே பட்டுப்புடவையில் அம்மா, தம்பி, அப்புறம் அன்று விடுமுறையில் இருந்த பட்டறை அண்ணன்கள் ஒரு பஸ் நிறைய. என் மகள் ஓடப்போகிறாள் என்று அப்பா ஜூரோங் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவர்களைப் பார்த்த காவலாளி, சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினார். அப்பா பின்வாசலுக்குப் போகவில்லை. கிளாரிசாவின் அப்பா கார் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

கிளாரிசா யார் என்று சொல்ல வேண்டும். நான் வரும்வரை அந்தப் பள்ளியின் எண்ணூறு மீட்டர் ராணி. மைதானத்தில் இருந்த பார்வையாளர் மண்டபமே அவள் அப்பா கட்டிக்கொடுத்தது. அவர் பெயர் பளிங்கில் செதுக்கியிருந்தது. அவள் என்னிடம் ஒருநாளும் கெட்டதாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லதாகவும் பேசியதில்லை. பேசியதே இல்லை.

அப்பா பஸ்ஸிலிருந்து என் ஷூவை ஒரு தாம்பாளத்தில் வைத்து எடுத்துவந்தார். இரண்டிலும் சந்தனப் பொட்டு, குங்குமம், சுற்றிலும் மல்லிகைச் சரம். செருப்பைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். அதனால் அப்பா, இது வாகனம் என்று வாதாடி, வாகன பூஜை நடக்கிற தெருவோரத்தில், ஒரு புதுக் காருக்கும் ஒரு டெலிவரி வேனுக்கும் நடுவில் என் ஷூவை வைத்துப் பூஜை போட்டிருக்கிறார். வேன்காரர் தேங்காய்ச் சில்லில் பாதி கொடுத்தாராம்.

ஷமீமா தாம்பாளத்தை எட்டிப் பார்த்தாள். "டயருக்குக் காத்து அடிச்சாச்சாடி?" என்றாள்.

சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடியும். என் ஓட்டமும் பத்தரைக்குத்தான். பார்த்தியா, ஆண்டவனே பார்த்து வைத்த நேரம் என்றார் அப்பா. ஆனால் ராகு காலம் முடிகிறவரை ஷூவைத் தொட விடவில்லை. நான் வாய் பிளந்த பழைய ஷூவில் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டேன். மற்ற பெண்கள் குதிரை மூக்கைத் தடவிவிட்டு வந்து கோட்டில் நின்றார்கள். நானும் நின்றேன். அப்பா பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முள் நகர்ந்ததும் பழைய ஷூவைக் கழற்றி வீசினேன், புதுசை மாட்டினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்பா மண்டியிட்டு, என் கால்களுக்கு முன்னால், ஓடுதளத்தின் மேல், இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தார்.

கோச் லிம் கையில் துப்பாக்கியோடு ஓடிவந்தார். (ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கி. அந்த நேரத்தில் அப்படித் தெரியவில்லை.)

"அங்கிள், என்ன லா இது?"

"ஒரு நிமிஷம் கோச். ஸ்டார்ட்டிங்குக்கு மட்டும்தான்."

அப்பா பையிலிருந்து கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்தார். கோச் அதைப் பிடுங்கிக்கொண்டார். நெருப்பு கூடாது, அபராதம் போடுவார்கள் என்றார். பிறகு எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார். கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் மனதுக்குள் புரட்டினார்.

"பழத்தைப் பத்தி ரூல் ஒண்ணும் இல்ல," என்றார். கௌரவமான மனிதர்.

வலது காலை முதலில் எடுத்து வை என்று அப்பா சொல்ல, துப்பாக்கி வெடித்தது.

இங்கே ஒரு விஷயத்தை அப்பா யோசிக்கவில்லை. பஸ்ஸின் எடைக்குப் பழம் கூழாகிவிடும். நான் அப்போது ஒட்டடைக்குச்சி. என் எடைக்குப் பழம் நசுங்கவில்லை. ஷூவின் ஆணிகளில் குத்திக்கொண்டு, ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. இடது கால் பழம் சீக்கிரமே கழன்று புல்லில் உருண்டுவிட்டது. வலது கால் பழம் என்னோடு கிளம்பிவிட்டது. ஒரு கால் படிக்கட்டில், ஒரு கால் தரையில் வைத்து ஓடிப் பாருங்கள், தெரியும். நின்று பிடுங்கி எறியலாம். நின்றால் தோற்பேன். அதோடு, ஒருமுறை மிதித்ததைக் கையால் தொடக் கூடாது என்று அப்பா சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி அது என் ரத்தத்தில் ஏறியிருந்தது. படித்த பெண், பகுத்தறிவு உள்ள பெண், காலில் எலுமிச்சம்பழத்தோடு நொண்டி நொண்டி ஓடினாள். அப்படியும் நான்தான் முன்னால். கோபம் வந்தால் எனக்கு வேகம் வரும். அன்றைக்குக் கோபத்துக்குப் பஞ்சமே இல்லை.

வளைவில் பழம் கழன்றது. அப்பாடா என்று ஓட்டத்தைக் கூட்டினேன். எனக்கு நேர்ப் பின்னால் வந்துகொண்டிருந்தவள் கிளாரிசா.

நான் எதையும் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டேன். பட்டறை அண்ணன்கள் நின்ற பக்கத்திலிருந்து, கோல் போடப்போய்த் தவறவிட்டால் வருகிற மாதிரி ஒரு பெரிய "ஐயய்யோ". கிளாரிசா பழத்தை மிதித்துவிட்டாள். மிதித்தது மட்டுமில்லை, அது அவள் ஆணியில் குத்திக்கொண்டு அவளோடு போகிறது.

பிறகு நடந்ததை ஷமீமா ஒரு மாதிரி சொன்னாள், அம்மா ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துச் சொல்கிறேன்.

மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு பழம். என் அப்பாவுக்கு அது, தன் மகள் மேல் விழுந்த கண்ணையெல்லாம் வாங்கிக்கொண்ட பழம். இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளையின் காலில் ஏறிவிட்டது. ஏற்றியது அவர். அதை விட்டுவிட்டு நிற்கிற மனுஷன் இல்லை அவர். ஓடுதளத்தை ஒட்டிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினார். தொப்பையும் சீருடையுமாக, மைதானத்தின் நடுப்புல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கிளாரிசாவை நோக்கி ஓடினார். போகிற வழியில் தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் பயன்படுத்தினார்.

"கேர்ள், ஸ்டாப். லெக் அப். லெக் அப்."

கிளாரிசா நின்றுவிட்டாள். நீங்களாக இருந்தாலும் நின்றிருப்பீர்கள். அப்பா அவள் முன்னால் மண்டியிட்டார். அவள் காலைத் தூக்கினாள். விழாமல் இருக்க அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பழத்தைப் பிடுங்கினார். தொடக் கூடாது என்ற விதியை அந்தப் பெண்ணுக்காக அவரே மீறினார். அதோடு விட்டிருக்கலாம். எழுந்து, பழத்தை அவள் தலையை மூன்று முறை சுற்றி, திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் ஓங்கி வீசினார். முச்சந்தியில்தான் வீச வேண்டும். அங்கே முச்சந்திக்கு எங்கே போவது? அது பெரிய மனிதர்களுக்குத் தேநீர் விருந்து வைத்திருந்த பந்தலுக்குள் பறந்துபோய், அங்கிருந்த கேக்குக்குப் பக்கத்தில் விழுந்தது. (கேக்கின் மேல் என்பது தம்பியின் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை.)

காவலாளிகளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: யாரோ ஒரு ஆள் உள்ளே புகுந்து ஒரு மாணவியின் காலைப் பிடித்துவிட்டான், பெரிய மனிதர்கள் மேல் எதையோ எறிந்துவிட்டான். இரண்டு பேர் வந்து அப்பாவின் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள்.

அப்போது நான் கடைசி வளைவைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. முடிவுக் கோட்டின் வெள்ளை ரிப்பன் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ரிப்பனைத் தொட்டால் இடம் என்னுடையது. அதற்கு இந்தப் பக்கம், குனிந்த தலையோடு அப்பா.

நின்றேன். யோசித்து நின்றதாகச் சொன்னால் பொய். கால் நின்றுவிட்டது. ஓடுதளத்தை விட்டு இறங்கிப் போய், அவர் கையை விடுங்கள் என்று காவலாளியிடம் சொன்னேன். தமிழில் இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது. பட்டறை அண்ணன்கள் அவற்றை ரொம்ப நாள் மரியாதையோடு நினைவு வைத்திருந்தார்கள். எனக்குப் பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போய் ரிப்பனைத் தொட்டார்கள்.

தலைமையாசிரியர் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். அப்பா, அம்மா, நான் ஒரு பக்கம். தலைமையாசிரியர், மிஸ் ஹார்வுட், கோச் லிம் மறுபக்கம். ஓரத்தில் கிளாரிசா. தலைமையாசிரியர் பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழில் போடுகிறேன். சாராம்சம் இது: கிளாரிசா ஓட முடியாமல் போனதால், திங்கட்கிழமை காலை ஓட்டம் மறுபடி நடக்கும். (நான் ஒருத்தி மட்டும் நின்றிருந்தால் நடந்திருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.) என் குடும்பத்தின் நடத்தைக்காக முழுப் பள்ளியின் முன் நாங்கள் மன்னிப்புக் கேட்டால், நான் எத்தனையாவதாக வந்தாலும் இந்த ஆண்டு என் இடத்தைத் தொட மாட்டார்கள். கேட்காவிட்டால் பழைய நிபந்தனைதான். கூடவே, என் தகப்பனார் ஒரு மாணவியைத் தாக்கினார் என்று எழுதி வைக்க வேண்டியிருக்கும்.

மிஸ் ஹார்வுட் அன்பாகத்தான் சொன்னார், "இந்த மாதிரி மூடநம்பிக்கைகளை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும், பவானி."

அப்பா அதற்குள் எழுந்துவிட்டார். இரண்டு கைகளும் கும்பிடப் போகிற பாதி வழியில் இருந்தன. என் இடத்துக்காக அவர் அந்தப் பள்ளியின் ஒவ்வொரு செங்கல்லிடமும் மன்னிப்புக் கேட்டிருப்பார். அந்தக் கைகளைப் பார்த்தேன். அவற்றைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அப்பா, உக்காருங்க."

"விடும்மா, ஒரு வார்த்தைதானே."

"உக்காருங்கப்பா."

உட்கார்ந்தார். நான் மிஸ் ஹார்வுட்டைப் பார்த்துச் சொன்னேன். "நீங்கள் குதிரை மூக்கைத் தடவுகிறீர்கள். நாங்கள் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். முதலில் குதிரை மன்னிப்புக் கேட்கட்டும். பிறகு நாங்கள் கேட்கிறோம்."

கோச் லிம்முக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ரொம்ப நேரம் நிற்கவில்லை.

அப்போதுதான் கிளாரிசா வாயைத் திறந்தாள். அவள் குரலை நான் அவ்வளவு பக்கத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவர் என்னைத் தாக்கவில்லை. காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். முள் எடுப்பது மாதிரி எடுத்துவிட்டார். பிறகு சாரி என்றார்." அவ்வளவுதான். எழுதி வைக்கிற பேச்சு அதோடு முடிந்தது. மன்னிப்புக்கு மட்டும் திங்கட்கிழமை காலைவரை நேரம் கொடுத்தார் தலைமையாசிரியர்.

"ரெண்டு பேரும் ஓடுவாங்க," என்றார் கோச். "துப்பாக்கி என் கையிலதான் லா இருக்கு."

திங்கட்கிழமை காலை. நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கோட்டில் நின்றேன். அப்பாவை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. அவர் ஆட்களை ஜூரோங்கில் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸை வேலிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். துப்பாக்கி வெடித்ததும் ஹாரனை அமுக்கினார். கையை எடுக்கவே இல்லை.

எலுமிச்சம்பழம் இல்லை. நொண்டவில்லை. ஆனால் என் இரண்டு குதிகால்களிலும் தோல் இல்லை. பழகாத புது ஷூ சனிக்கிழமையே உரித்து எடுத்துவிட்டது. பழைய ஷூவைக் குப்பை என்று துப்புரவு ஆட்கள் அள்ளிப் போய்விட்டார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் யாரோ குதிகாலில் இஸ்திரிப் பெட்டியை வைப்பது மாதிரி இருந்தது. ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. கிளாரிசா முதலாவது வந்தாள். அறையில் எங்களுக்காகப் பேசினாள் என்பதற்காக அவள் மெதுவாக ஓடவில்லை. ஓடியிருந்தால் நானே திட்டியிருப்பேன். மூன்றாவது வந்தவளின் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவில் ஒரு கை வைக்கிற இடம்தான் இருந்திருக்கும்.

நான்காவது.

தவணை முடிந்த அன்று அப்பா பஸ்ஸோடு வந்தார். பெட்டி, முறுக்கு டின், இரண்டு தலையணைகள் எல்லாம் ஏற்றினோம். கோச் லிம் வாசல்வரை வந்து, எங்கே போனாலும் ஓடு, இல்லாவிட்டால் வந்து அடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். காலி பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். அப்பா பஸ்ஸை மேட்டிலிருந்து இறக்கினார்.

"அன்னைக்கு அந்த ஒரு வார்த்தைய என்னைச் சொல்ல விட்டிருந்தா, நீ இங்கேயே படிச்சிருப்பே," என்றார்.

"சொல்லியிருந்தா, அடுத்த தடவை நீங்க பஸ்ஸைப் பின்வாசல்ல நிறுத்தியிருப்பீங்கப்பா."

அப்பா கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போனதும், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இன்னும் ஆறவில்லை என்றேன்.

"புது ஷூவை முன்னாடியே போட்டுப் பழகியிருக்கணும்மா," என்றார், ரொம்ப அக்கறையாக.

அந்த வார்த்தைக்கு வந்த கோபத்துக்கு முன்னால், அந்தப் பள்ளிமேல் எனக்கு வந்த கோபம் எல்லாம் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போனதும் நேராகச் சமையலறைக்குப் போய் அந்தத் தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கினேன். மறுநாள் அம்மா வேறொன்று மாட்டினார். அன்று பார்த்து நல்ல நாள்.

ஆங் மோ கியோவிலேயே ஒரு பள்ளியில் படித்தேன். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற புல்தரையில் ஓடினேன். கோச் சொன்னதால் இன்றும் ஓடுகிறேன். இப்போது எம்ஆர்டி ரயில் ஓட்டுகிறேன். பயிற்சி முடித்து முதல்முறை தனியாக ஓட்டப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அப்பா கேட்ட முதல் கேள்வி, "தண்டவாளத்துல வைக்க விடுவாங்களா?" எங்கள் குடும்பத்தில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும், வீடு மாறினாலும், பெண் பார்க்கப் போனாலும், "காலடியில பாத்து, கிளாரிசா பின்னால வருவா" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். போன வருடம் குடும்பத்துக்கு வந்த தம்பி மனைவிகூடச் சொல்கிறாள். அவளுக்குக் கிளாரிசாவின் முகம்கூடத் தெரியாது.

இந்த வருடம் ஷமீமாவின் மகள் அதே பள்ளியில் சேர்ந்தாள். ஷமீமா மைதானத்தின் வாசலில் இருந்த ஒரு போர்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். நம் ஊர் போர்டுதான், சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்டது. சிகரெட் கூடாது. நாய் கூடாது. சைக்கிள் கூடாது. நான்காவதாக, காம்பில் ஒரு இலையோடு, உருண்டையாக ஒரு பழம். நாற்றத்துக்காக இங்கே பல இடங்களில் தடை செய்கிற டுரியான் என்று சொல்ல முடியாது, முள் இல்லை. ஏன் பழம் என்று அங்கே இருக்கிற ஆசிரியர்கள் யாருக்கும் தெரியவில்லையாம். எல்லோரும் மரியாதையாகப் பழத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிறார்களாம்.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

பெற்றோர் நாளன்று ஷமீமாவோடு போனோம். யாரும் தடுக்கவில்லை. கிளாரிசாவின் அப்பா கட்டிய மண்டபத்தை இடித்து அங்கே நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். பளிங்கும் இல்லை, பெயரும் இல்லை. என் அப்பாவின் போர்டு நிற்கிறது. அதன் பக்கத்தில், பதவியேற்கிற மந்திரி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான் போனை உயர்த்தினேன்.

"இரும்மா," என்றார். கால்சட்டைப் பையில் கையை விட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். குனிந்து, போர்டின் காலடியில் வைத்தார்.

"புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க பாரு. கண்ணு படும்."

பழத்துக்கு அனுமதி இல்லை என்ற போர்டு, அதன் அடியில் பழம், பக்கத்தில் அப்பா. படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பழத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.